சாருக்கு ஒரு கோல்

எங்கள் ஊர் ஹாக்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க யாராவது பெரிய மனுசர் வருவார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியாக இருக்கலாம், போலீஸ் அதிகாரியாக இருக்கலாம், ஜவுளிக்கடைக்காரராகவும் இருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மட்டையைத் தரை கூட்டுகிற வாருகோல் மாதிரி பிடித்துக்கொண்டு, பந்தை ஒரு தட்டு தட்டுவார். அது போகவா வேண்டாமா என்று யோசித்து யோசித்து உருளும். கோல்கீப்பர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுவாள். பந்து உள்ளே போகும், எல்லாரும் கை தட்டுவோம். அதற்கு மரியாதை கோல் என்று பேர். அதை எவரும் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான் தடுத்தேன். அதுவும் யாரை? எங்கள் எல்லாருக்கும் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த சாரை, அவருக்கே எடுத்த பாராட்டு விழாவில், ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது. கோவில்பட்டியில் பாதிப் பேர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். திட்டட்டும். என்ன நடந்தது என்று சொல்கிறேன், முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களும் திட்டுவதானால் திட்டுங்கள்.

நான் ரைட் ஹாஃப். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு என்னென்னவோ பேர் சொல்கிறார்கள், எனக்குத் தெரிந்தது ரைட் ஹாஃப்தான். முன்னால் நிற்பவர்கள் கோல் போட ஓடுவார்கள், பின்னால் நிற்பவர்கள் கோலைக் காப்பார்கள். நடுவில் நிற்கிற ஹாஃப் இரண்டு வேலையும் பார்க்க வேண்டும். முன்னால் பந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பறிபோனால் திரும்பி ஓடி வந்து மறிக்கவும் வேண்டும். கோல் விழுந்தால் பேர் முன்னால் நிற்கிறவளுக்கு. கோல் வாங்கினால் திட்டு எனக்கு. எதிரணியில் இடது ஓரமாக ஓடிவருகிறவளை லெஃப்ட் அவுட் என்போம். அவள் என் பொறுப்பு. ஆட்டம் முடிகிற வரைக்கும் அவளுக்கு நான்தான் நிழல்.

என்னை அந்த இடத்தில் நிறுத்தியதும் சார்தான். புதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்து கோவில்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் ஆடு, கொஞ்சம் மானாவாரிக் கரிசல். முதல் நாள் மைதானத்தில் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி, நீ ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளதான?"

"ஆமா சார்."

"ஆடு வெள்ளாமைக்குள்ள எறங்கப் போனா எப்படி மறிப்ப?"

"அது எங்கன போவும்னு முன்னாலயே தெரியும் சார். அங்கன போய் நின்னுக்கிருவேன்."

"அவ்வளவுதாம். அதத்தாம் இங்கனயும் செய்யப் போற."

நிஜமாகவே அவ்வளவுதான். எதிராளியின் தோளைப் பார்த்தால் போதும், பந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும். ஓடித் துரத்துகிறவள் இல்லை நான், முன்கூட்டியே போய் நிற்கிறவள். ஒரு வருடத்தில் பள்ளி அணி, அடுத்த வருடம் மாவட்ட அணி. வெளியூர்ப் பிள்ளைகள் என்னைப் பிசின் என்று கூப்பிட்டார்கள். ஒட்டினால் விடமாட்டேனாம். எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்திருந்தது.

சார் கெட்டவர் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் வந்து மைதானத்தில் வெடிப்பு விழுந்த இடத்தையெல்லாம் மண் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, கல் உருளையை அவரே இழுப்பார். எங்களை ஆம்பளைப் பயல்கள் கேலி செய்தால் மட்டையோடு ஓடி வருவார். எனக்கு முதல் முதலாக ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கெட்டவர் செய்தால் கெட்டவர்தானே என்று விட்டுவிடலாம். நல்லவர் செய்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் அணியில் சாரின் அக்கா மகள் ஒருத்தி இருந்தாள். அவளும் ரைட் ஹாஃப்தான். நான் ஆடுகிற வரைக்கும் அவள் வெளியே உட்கார்ந்திருப்பாள். ஓடுவாள், நன்றாக அடிப்பாள், மறிக்கத்தான் தெரியாது. அவளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவள் பாட்டிலில் நான் தண்ணீர் குடிப்பேன், என் எண்ணெயை அவள் தலைக்குத் தேய்ப்பாள்.

அந்த வருடம் மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். வயசுக் கணக்குப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த அணிக்குள் நுழைந்துவிட்டால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முந்தின வருடங்களில் அணிக்குப் போனவர்கள் எல்லாரும் வேலையில் சேர்ந்திருந்தார்கள். செலக்சன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். பள்ளி விடுமுறை என்பதால் நான் ஊருக்கு வந்திருந்தேன். விடியற்காலை பஸ்ஸில் கோவில்பட்டி போய், அங்கிருந்து மற்றப் பிள்ளைகளோடு வேனில் போவதாக ஏற்பாடு.

முந்தின நாள் மத்தியானம் மழை பிடித்தது. சாதாரண மழையா! மாதக்கணக்காக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போயிருந்த ஊர். அப்பா தெருவில் நின்று நனைந்தார். அம்மா மொச்சை அவித்தாள். எல்லாருக்கும் சந்தோசம் தாங்கவில்லை. சாயங்காலம் பலசரக்குக் கடை அண்ணாச்சி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் போன் இருந்தது அவர் கடையில் மட்டும்தான்.

"ஒங்க சார் போன் பண்ணுனாவ. மழையில செலக்சன் தள்ளிப் போச்சாம். பொறவு நாள் சொல்லியனுப்புதேன்னு சொன்னாவ."

நாங்கள் யாரும் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா வாசலில் கிடந்த சேற்றைப் பார்த்தார்.

"சரிதான? இந்தச் சகதியில எவன் ஓடுவான்?" என்றார்.

கரிசலில் பிறந்தவர்களுக்கு மழை என்றால் அதுதான் அர்த்தம். மழை பெய்தால் எல்லாம் நிற்கும். செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அடிக்கு அடி மண் ஒட்டி, கால் யானைக்கால் ஆகிவிடும். வண்டி போகாது, ஏர் போகாது, கல்யாணம்கூட ஒருநாள் தள்ளிப் போகும். எங்கள் மைதானத்தில் ஒரு மழைக்கு மூன்று நாள் மட்டையைத் தொட மாட்டோம். மழை பெய்தால் ஆட்டம் இல்லை என்று ஒருவர் சொன்னால், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வேறு ஊரில் வேறு மண் இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாருக்கு அது தெரியும். எங்களை நன்றாகத் தெரிந்தவர் அல்லவா?

செலக்சன் நடந்த அன்று நான் வீட்டில் உட்கார்ந்து மொச்சை தின்றுகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த ருசி நாக்கில் கசக்கிறது.

விடுமுறை முடிந்து கோவில்பட்டி போனேன். மைதானத்தில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் சாரின் அக்கா மகள். எல்லாரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சென்டர் ஹாஃப் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"காய்ச்சல் விட்டுட்டாட்டி?"

"எனக்கு எதுக்குக் காய்ச்சல்?"

"ஒனக்குக் கடுங்காய்ச்சல், வர முடியலன்னு சார்தாம் வேன்ல சொன்னாவ. ஒனக்குப் பதிலா அவள எறக்குனாவ. எடுத்துட்டாங்க."

"செலக்சன் மழையில தள்ளிப் போகலையா?"

"தள்ளிப் போவவா? அங்கன செம்மண் தரைட்டி. மழை நின்னு அரை மணி நேரத்துல தண்ணி இருந்த எடம் தெரியல. ஜோரா ஆடுனோம்."

என் வீட்டுக்கு ஒரு பொய், வேனுக்கு ஒரு பொய். இரண்டும் எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று யோசித்திருக்க மாட்டார். அல்லது முட்டிக்கொண்டால்தான் என்ன, ஆடு மேய்க்கிறவன் மகள் என்ன செய்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். நேராக அவரிடம் போனேன். அவர் உருளையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காய்ச்சலா சார்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அடுத்த வருசம் பாப்போம்ட்டி. போய் வார்ம் அப் பண்ணு" என்றார். அடுத்த வருடம் எனக்கு வயசு தாண்டிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? அப்பாவிடம் போய் அழுதேன். சார் அப்படிச் செய்கிற ஆள் இல்லை, அண்ணாச்சி காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். சாகிற வரைக்கும் அவர் அப்படித்தான் நம்பினார்.

அதற்குப் பிறகும் கொஞ்ச வருடம் ஆடினேன். கோவில் கொடைக்கு நடத்துகிற போட்டி, பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வீரவிழாவுக்கு நடத்துகிற போட்டி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனேன். பரிசாக எவர்சில்வர் குடம் வாங்கினேன். அத்தோடு சரி. தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் தீக்குச்சி வைத்துக் கட்டை அடுக்கினேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போது வீட்டிலேயே கடலை மிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பாகை ஊற்றிக் கட்டையால் தேய்க்கும்போது என் மணிக்கட்டு இன்னும் பழைய மணிக்கட்டுத்தான்.

கறுவிக்கொண்டே இருந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? மிட்டாய்க் கட்டையை உருட்டும்போதெல்லாம் அவர் முதுகை நினைத்துத்தான் உருட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக் கோத்து வைத்திருந்தேன். கடைத்தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு எதிரே வருவார். "நல்லா இருக்கியாட்டி?" என்பார். "இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒரு தடவை மணியாச்சியில் வண்டி மாறி ஏறினேன். டிக்கெட் பார்க்க வந்தது யார்? சாரின் அக்கா மகள். கறுப்புக் கோட்டு, மார்பில் பேட்ஜ், கையில் பேனா. என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சிரித்தாள்.

"நல்லா இருக்கியா? பிள்ளைய என்ன படிக்கி?"

நான் டிக்கெட்டை நீட்டினேன். அவள் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். "பாத்துக் குடு. ஒன் வேலையச் செய்யி" என்றேன். அவள் பார்த்தாள். பேனாவால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கோட்டு அவளுக்குத் தோளில் தொளதொளவென்று நின்றது. எனக்குச் சரியாக இருந்திருக்கும்.

இந்த வருடம் சித்திரையில்தான் வாட்சாப்பில் செய்தி வந்தது. சாருக்குப் பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறோம், புது மைதானத்தில் ஒரு கண்காட்சி ஆட்டம், சாரும் ஆடுவார். இரண்டு அணி பிரித்துப் போட்டிருந்தார்கள். சார் அவர் காலத்தில் லெஃப்ட் அவுட் ஆடியவர், ஆகவே ஒரு அணிக்கு அவர்தான் லெஃப்ட் அவுட். எதிரணிக்கு ரைட் ஹாஃப், நான். போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பழைய ரைட் ஹாஃபை ரைட் ஹாஃபாகப் போட்டார்கள், அவ்வளவுதான். நான் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். லெஃப்ட் அவுட் என் பொறுப்பு!

கடலை மிட்டாய் அடுப்பை அணைத்துவிட்டு அன்றைக்கே ஓட ஆரம்பித்தேன். கண்மாய்க் கரையில் தினமும் ஓடினேன். முட்டி வீங்கியது, எண்ணெய் போட்டு நீவினேன். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒலிம்பிக்குக்கா போற? சும்மா கண்காட்சி ஆட்டம்தான?"

"கண்காட்சிதாம். வந்து பாருங்க."

விழா அன்று மைதானம் நிறைந்துவிட்டது. பச்சையும் நீலமுமாகச் செயற்கைத் தரை. ஆட்டத்துக்கு முன்னால் நாலு பக்கமும் தண்ணீரைப் பீச்சி நனைத்தார்கள். நனைந்தால்தான் பந்து ஓடுமாம். சார் வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ போட்டு, கழுத்தில் மாலையோடு வந்தார். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. பேரன் பேத்திகளெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் காலில் விழுந்தாள். நானும் குனிந்தேன், ஷூ லேசைக் கட்டுவதற்கு.

எங்கள் அணிக்குப் பழைய சென்டர் ஹாஃப்தான் கேப்டன். அவள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்.

"சார் பந்தோட வந்தா ஒதுங்கிருங்கட்டி. மொத கோல் அவியளுக்கு. அதுக்குப் பொறவுதாம் நம்ம ஆட்டம்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

விசில் ஊதியதும் சாரின் அக்கா மகள் பந்தைச் சாருக்குத் தள்ளினாள். அவளும் அவர் அணிதான். சார் பந்தைத் தட்டித் தட்டி ஓரமாக வந்தார். எங்கள் ஆட்கள் கல்யாண ஊர்வலத்துக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்கினார்கள். நான் அவர் தோளைப் பார்த்தேன். வலது பக்கம் திரும்பப் போகிறார். அங்கே போய் நின்றேன். பந்து தானாக என் மட்டைக்கு வந்தது. திருப்பி அடித்துவிட்டேன்.

கூட்டம் ஓவென்று சிரித்தது. மைக்கில் பேசியவர், "பிசின் இன்னும் காயல போலருக்கு!" என்றார். சாரும் சிரித்தார். "ஏட்டி, அப்படியே இருக்கியே!" என்றார். அந்த முகத்தில் பெருமை இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி பந்தை அவருக்கே விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. என் ஆட்டத்தை இப்படித் தெரிந்து வைத்திருந்தவரா அப்படிச் செய்தார் என்று அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது தடவை பறித்தபோது சிரிப்பு குறைந்தது. மூன்றாவது தடவை சிரிப்பே இல்லை. கேப்டன் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னட்டி பண்ணுத? வெளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லையா? மானம் போவுது."

"நான் என் எடத்துல ஆடுதேன். நீ ஒன் எடத்துல ஆடு."

மைக்கில், "அம்மா, சாருக்குக் கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். நான் அவர் மட்டையைத் தொடவில்லை, காலைத் தொடவில்லை. பந்தை மட்டும் எடுத்தேன். நடுவர் ஊதக் காரணம் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சாருக்கு மூச்சு வாங்கியது. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"விடுட்டி. பேரப் பிள்ளைகள்லாம் பாக்குதுக."

"மழை பேஞ்சிருக்கு சார்" என்றேன்.

"என்னது?"

"தரை ஈரமாக் கெடக்குல்லா? ஆட்டம் தள்ளிப் போச்சு. பொறவு நாள் சொல்லியனுப்புதேன்."

அவர் நனைந்த தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நினைவு வந்துவிட்டது. அது போதும் என்று நான் விட்டிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? போதவில்லை.

"தகப்பன் இல்லாத பிள்ளட்டி அவ" என்றார். "எங்க அக்கா வந்து என் வாசல்ல உக்காந்து அழுதா. நான் என்ன செய்ய?"

"எங்க அப்பாவுக்கு அழத் தெரியாது சார். அதுக்கா?"

இத்தனை வருடம் கோத்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை. "ஒனக்கு இப்ப என்னதாம் வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். நீங்க இங்கன கோல் போடக் கூடாது. அவ்வளவுதாம்."

இடைவேளையில் விழாக் குழுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வெளியே உட்காருங்கள், வேறு ஆளை இறக்குகிறோம் என்றார்கள். "தூக்கிட்டுப் போறதுன்னா தூக்கிட்டுப் போங்க, நானா வர மாட்டேன்" என்றேன். வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து கையைக் காட்டி வா வா என்றார். அவரையும் முறைத்தேன். தீப்பெட்டி ஆபீசில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு என் கதை தெரியும். அதில் ஒருத்தி எழுந்து நின்று, "விடாதட்டி!" என்று கத்தினாள். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

இரண்டாம் பாதியில் என் அணியே எனக்கு எதிராகத்தான் ஆடியது. கிடைத்த பந்தையெல்லாம் சாருக்கே தள்ளினார்கள். நான் எல்லாவற்றையும் வெளியே அடித்தேன். முட்டி கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. விழுந்தால் விழட்டும் என்று நின்றேன். இன்று இந்த ஒரு கோல் விழுந்துவிட்டால், என்னிடமிருந்து எடுத்ததற்கும் கை தட்டியதாக ஆகிவிடும். அந்தக் கை தட்டலை நான் கேட்கப் போவதில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் சாரின் அக்கா மகள் பந்தோடு கிளம்பினாள். ஓட்டம் மட்டும் அவளுக்குக் குறையவில்லை. மைதானத்தின் நடுவாகக் கோலை நோக்கி வந்தாள், அவளுக்கு இடது பக்கம் சார். அவளைத் தடுக்க ஒருத்தியும் இல்லை, எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். நான் ஒருத்தி, எதிரே இரண்டு பேர். அவளை மறிக்கப் போனால் பந்து சாருக்குப் போகும். சார் தட்டிவிட்டால் முடிந்தது, கோல்கீப்பர் அதற்குள் எதிர்ப்பக்கம் விழுந்தே விட்டாள். திறந்த வாசல்.

நான் அவள் பக்கம் போகவில்லை. சாரை ஒட்டி நின்றேன். அவர் ஒரு அடி நகர்ந்தால் ஒரு அடி நகர்ந்தேன். தரையில் அவருக்கும் பந்துக்கும் நடுவில் என் மட்டை கிடந்தது.

அவள் கோலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். பந்து அவள் காலடியில். தொட்டால் கோல். "அடி, அடி!" என்று கூட்டம் கத்தியது. அவள் எப்படி அடிப்பாள்? அது மாமாவின் மரியாதை கோல் அல்லவா? அவள் போட்டால் மரியாதை என்ன ஆகும்? சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் சாரைப் பார்த்தாள். சார் என் தோளைத் தாண்டி வரப் பார்த்தார், முடியவில்லை. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

பிறகு பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், மைக்கில் அவரைப் பற்றி நல்லவிதமாக நிறையப் பேசினார்கள். சாரைப் பேசச் சொன்னபோது களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். குரூப் போட்டோவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் குழாயடியில் முட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

சாரின் அக்கா மகள் அங்கே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வயசான மனுசன். ஆசையா வந்தாவ. ஒரே ஒரு கோல். நீ விட்டுக் குடுத்திருக்கலாம்லா?"

நான் குழாயை மூடினேன்.

"ஒங்க வீட்டுக்கு ஏற்கெனவே ஒண்ணு விட்டுக் குடுத்தாச்சுட்டி" என்றேன். "வேலைக்குப் போகும்போது தெனமும் அதத்தான போட்டுட்டுப் போற."